குட்டிக்குச் சொன்னதெல்லாம்

நெட்டாவுக்கு அறுபத்திரண்டாவது வயதில் ஒரு சக்களத்தி வந்து சேர்ந்தாள். அவளை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிவந்ததும் நெட்டாவேதான்.

சக்களத்திக்கு இன்னும் ஒரு வயதுகூட நிரம்பவில்லை. நான்கு கால், எலிச்சாம்பல் நிறம், முதுகுத்தண்டு நெடுகக் கறுப்பாய் ஒரு கோடு. அந்தக் கோடையில் மலைக்குப் பின்னாலிருந்த குட்டை வற்றியபோது தாய்க்குதிரை சேற்றிலேயே விழுந்து செத்துப்போயிருந்தது. வயிறுவரை புதைந்து நின்ற குட்டியைக் கயிறு போட்டு இழுத்து மீட்டார்கள். மலையிலிருந்து பிடித்துவந்த மற்ற மஸ்டாங் காட்டுக்குதிரைகளோடு அரசாங்கப் பட்டியில் அதையும் தத்துக்கு விட்டிருந்தார்கள்.

நெட்டா அன்று அங்கே போனது பக்கத்துப் பண்ணை டாட்டிக்குத் துணையாகத்தான். டாட்டி காட்டுக்குதிரைகளைப் பழக்குவதிலேயே கிழவியானவள். பட்டிக்குள் மற்ற குட்டிகள் எல்லாம் ஒரே உடம்புபோல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் அலைபாய்ந்துகொண்டிருந்தன. இது மட்டும் மூலையில் முகத்தை வைத்து, உலகத்துக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றது.

"நம்ம வீட்டு ஆள் மாதிரியே நிக்குது பாரு," என்றாள் நெட்டா.

"அப்ப உனக்குப் பழக்கம்தான்," என்றாள் டாட்டி.

இப்படித்தான் நடந்தது. பேச்சுக்குச் சொன்ன ஒன்று கையெழுத்தாகி, கையெழுத்து, கழுத்தில் அரசாங்க முத்திரை குத்திய குட்டியாகி டிரெய்லர் ஏறிவிட்டது.

வீட்டு ஆள் ஆர்லன் வாசலுக்கு வந்து பார்த்தான். "எதுக்கு இது?" என்றான். "சும்மா," என்றாள் நெட்டா. அவன் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாள் பட்டியின் வேலியை இன்னும் உயர்த்திப் பலகை அடித்துவைத்தான். மூன்று வருடமாக அவன் இப்படித்தான். உப்பை எடு என்பான். பம்பு சரியாயிடுச்சு என்பான். காற்றடித்தால் காற்றடிக்குது என்பான். அவர்கள் மகன் டோபின், சுரங்க வேலைக்குப் போகும் வழியில் பனி உறைந்த சாலையில் வண்டி உருண்டு செத்த ஜனவரியிலிருந்து, அந்தப் பெயர் ஆர்லன் வாயில் ஒருமுறையும் வரவில்லை. நெட்டா எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவான். கோபமாகப் போவதில்லை. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தவனைப்போலப் போவான். கொஞ்ச நாளில் அவளும் எடுப்பதை விட்டுவிட்டாள்.

குட்டி தன்னுடையது என்றே நெட்டா நினைத்திருந்தாள். நீல முகக்கயிறு ஒன்று வாங்கி வைத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுவது அவள் வேலை. காலை ஓட்டம் முடிந்ததும் நேராகப் பட்டிக்குத்தான் போவாள். அவள் உள்ளே கால் வைத்ததும் குட்டி எதிர்மூலைக்கு ஓடும். இவள் நடப்பாள், அது ஓடும். டாட்டி வேலிமேல் கையைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அடியே, பொண்ணு பாக்க வந்த மாமியா மாதிரி இப்படி உத்துப் பாக்காதே. உன் கண்ணப் பாத்தா அதுக்கு மலைச்சிங்கம் ஞாபகம் வருது. மூஞ்சியத் திருப்பிட்டு உக்காரு. எதாவது பேசு. அது உன் பக்கம் திரும்பிச்சுன்னா எந்திரிச்சு வெளிய வந்துடு."

"திரும்புறப்ப எதுக்கு வெளிய வரணும்? அப்பத்தானே தொடணும்?"

"அதான் உன்கிட்ட இருக்குற நோய். இன்னொண்ணு. கையால எதையும் தின்னக் குடுத்துறாதே. வீட்டுக்குதிரைக்குக் குடுக்கலாம். இதுக்குக் குடுத்தா அப்புறம் மனுசனையே தீவனத்தொட்டின்னு நெனச்சுக்கும்."

நெட்டா தலையாட்டினாள். உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தபடியே கையை நீட்டினாள்.

மாலையில் பேருந்து ஓட்டம் முடிந்து அவள் வீடு வர நேரமாகும். அதனால் சாயங்காலத் தீனி ஆர்லன் பொறுப்பு. குதிரைமசால் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு அவன் வந்துவிடுவான். அவனையும் டாட்டி விடவில்லை. உட்கார்ந்து பேசச் சொன்னாள். பேச என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"டிராக்டரத் திட்டு. உன் பொண்டாட்டியத் திட்டு. அதுக்கு என்ன புரியப்போவுது? குரல் பழகணும், அவ்வளவுதான்."

ஆர்லன் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு, குட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அதைப் பார்க்க அவனுக்கு ஆசையில்லை, தொடவும் ஆசையில்லை. எதுவும் வேண்டாமென்று இருந்தவனிடம்தான் அது போனது. ஒரு விடுமுறை நாளில் அது பின்னாலிருந்து வந்து அவன் தொப்பியை மோந்து பார்த்ததைச் சமையலறைச் சன்னல் வழியே நெட்டா பார்த்தாள். அவள் கையில் மாவு ஒட்டியிருந்தது. துடைக்க மறந்துபோய் அப்படியே நின்றாள். கிறிஸ்துமஸ் வருவதற்குள் நீல முகக்கயிற்றை அவனே அதற்கு மாட்டிவிட்டான். பெயர் வைக்கவில்லை. "தாயி" என்று கூப்பிட்டான். "என்ன தாயி, குளிருதா? இந்தப் பக்கம் திரும்பு தாயி."

இத்தனை வருடத்தில் அவளை அவன் நெட்டா என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். காய்ச்சலில் கிடந்தபோதும் நெட்டாதான், பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோதும் நெட்டாதான்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஆண்கள் நாயிடமும் குதிரையிடமும் குழைவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். பொறுக்க முடியாமல் போனது பிப்ரவரியில்.

அன்று பள்ளி சீக்கிரம் விட்டுவிட்டார்கள். சாப்பாடு சூடு செய்துவிட்டு அவனைக் கூப்பிடப் போனாள். வைக்கோல் அடுக்குக்கு இந்தப் பக்கம் வந்தபோது அவன் குரல் கேட்டது. உரக்க இல்லை. ஆனால் வழுக்கிக்கொண்டு வந்தது, எண்ணெய் போட்ட கதவுபோல.

"...டோபினுக்கு அப்ப பதினாலு. அவன் அம்மா பாய்சி டவுனுக்குப் போயிருந்தா, அவ தங்கச்சிக்கு ஆபரேசன்னு. நான் வயல்ல இருக்கேன். இவன் பிக்கப்ப எடுத்துட்டுப் போயி வாய்க்காலுக்குள்ள எறக்கிட்டான் தாயி. வண்டி மூக்கு மட்டும் தண்ணிக்குள்ள. நான் போயிப் பாத்தா, கூரை மேல உக்காந்துக்கிட்டு, 'அப்பா, நீச்சல் தெரியாத வண்டிய ஏன் வாங்கின?'ன்னு கேக்குறான். டிராக்டர வச்சு இழுத்தோம். ராவோட ராவா காய வச்சோம். அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். சீட்டுக்கடியில ஒரு மீன் மாட்டிக்கிச்சு, அத ரெண்டு பேருமே பாக்கல..."

பிறகு ஒரு சத்தம். என்னவென்று நெட்டாவுக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. ஆர்லன் சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கோடை முழுக்க வண்டிக்குள் வீசிய நாற்றம் அவளுக்கு நினைவிருந்தது. எலி செத்திருக்கும் என்று வினிகரால் துடைத்தாள், சோடா மாவைத் தூவினாள். அப்பனும் மகனும் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆமாம் எலிதான் என்றார்கள். இறந்துபோன பிள்ளையைப் பற்றித் தாய்க்குப் புதிதாய் ஒன்று தெரியவருவதென்றால் அது சின்ன விஷயமில்லை. இருந்ததையே திரும்பத் திரும்பத் தின்று அவள் உயிரோடிருந்தாள். பெட்டி காலி என்று நினைத்திருந்தாள். அவன் கையில் இன்னொரு பெட்டி இருந்திருக்கிறது. அதை அவன் திறந்து, ஒரு குதிரைக்குக் கொட்டிக்கொண்டிருந்தான்.

அவள் கூப்பிடாமலே திரும்பிப் போனாள். மாட்டிறைச்சிக் குழம்பு இரண்டாம் தடவையும் ஆறியது. ஆர்லன் வந்து உட்கார்ந்தான். ஊருக்கெல்லாம் விருந்து வைத்துவிட்டு வீட்டுக்கு வெறும் பாத்திரத்தோடு வந்தவன்போல் இருந்தான்.

"காத்து நின்னுடுச்சு," என்றான்.

"அப்படியா," என்றாள்.

அதற்குப்பின் அவள் தினமும் ஒளிந்து கேட்டாள். மாலை ஓட்டம் முடிந்ததும் எங்கும் நிற்காமல் வந்து, வண்டியைச் சாலை வளைவிலேயே நிறுத்திவிட்டு வைக்கோல் அடுக்கின் பின்னால் வந்து நிற்பாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தால் பாதிதான் காதில் விழும். டோபின் முதல்முறை மானுக்குக் குறிவைத்துச் சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தியது. டாட்டியின் பேத்தி மேல் அவனுக்கு ஒரு கண் இருந்தது. அதைக்கூட அப்பனிடம் சொல்லியிருக்கிறான்! நல்ல இடம் வரும்போது குட்டி செருமும், காலை உதைக்கும், ஆர்லன் கதையை விட்டுவிட்டு "என்ன தாயி?" என்பான். மீதி போய்விடும். தன் பிள்ளையின் பாதிக் கதையை மிதித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சாம்பல் குளம்புகளை நெட்டா வெறுத்தாள்.

ஒருநாள் தபால் எடுக்கப் போன இடத்தில் டாட்டியைப் பார்த்தாள்.

"வருசம் முடியறவரைக்கும் அது அரசாங்கக் குதிரைதானே? வேணாம்னா திருப்பிக் குடுத்துடலாம்ல?"

"ஏன், கடிக்குதா?"

"இல்ல."

"ஒதைக்குதா?"

"இல்ல. அந்த ஆளையே சுத்திக்கிட்டுக் கெடக்குது."

டாட்டி கையிலிருந்த தபால்களை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நெட்டா, நான் புருசன் பாருக்குப் போறான்னு அழுதவளப் பாத்திருக்கேன். சீட்டாட்டத்துமேல பொறாமப்பட்டவளப் பாத்திருக்கேன். நாலு காலு மேல பொறாமப்பட்டவ நீதான் மொத ஆளு."

"போடி."

"அதுக்கு மொகத்துல பவுடரா, ஒதட்டுல சாயமா? புல்லுதான்டி தின்னுது!"

நெட்டா சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. குட்டியைத் திருப்பி அனுப்பினால் அவன் மறுபடி வாயை மூடிக்கொள்வான். அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டால்? அது அவனிடம் போகாவிட்டால், சொல்ல ஆளில்லாமல் அவன் எங்கே போவான்? வீட்டுக்குள்தானே வரவேண்டும்.

மறுநாள் காலை நிலவறையிலிருந்து ஆப்பிள்களை எடுத்துத் துண்டு போட்டாள்.

காட்டுக்குதிரைக்கு ஆப்பிள் என்றால் என்னவென்று தெரியாது. புல்மேல் வைத்த துண்டைப் பார்த்து அது புஸ்ஸென்று மூச்சுவிட்டுப் பின்வாங்கியது. அடுத்தநாள் சுற்றிச்சுற்றி வந்தது. அதற்கடுத்து ஒன்றைப் புல்லோடு தெரியாமல் கடித்து, தலையை ஆட்டி, நுரை தள்ளித் துப்பியது. நெட்டா விடவில்லை. ஆர்லன் தண்ணீர்த்தொட்டிகளில் பனிக்கட்டி உடைக்கப் போகும் நேரமாகப் பார்த்து வந்தாள். ஒருநாள் அது துப்பவில்லை. பிறகு ஒருநாள் அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாய் ஒரு மூக்கு வந்து உரசியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த மூக்கு இத்தனை மெத்தென்று இருக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதுவும் அவனுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும்.

"நேத்து காத்து வேற பக்கம்," என்று அவள் அதனிடம் கேட்டாள். "என்ன சொன்னான்? டோபினப் பத்தி என்ன சொன்னான், சொல்லு."

குட்டி அவள் சட்டைப்பைக்குள் மூக்கைவிட்டு அடுத்த துண்டைத் தேடியது.

பனி உருகத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்லன் குட்டியின் முன்காலை முதன்முதலாகத் தூக்கப்போகிறான் என்று டாட்டி பார்க்க வந்தாள். நெட்டாவும் வேலியோரம் நின்றாள். அவன் அதன் தோளைத் தடவி, காலோடு கையை இறக்கி, குனிந்தான். குட்டி தலையைத் திருப்பி அவன் பின்பையை முகர்ந்தது. ஒன்றும் இல்லை. பக்கப்பையை முகர்ந்தது. அங்கேயும் இல்லை. உதட்டைச் சுருட்டி, அவன் தோள்பட்டையைச் சட்டையோடு சேர்த்துக் கவ்வியது.

"அட," என்றான் ஆர்லன். அவன் கத்தியதே அவ்வளவுதான். நிமிரும்போது முகம் வெளுத்திருந்தது.

டாட்டி வேலியை ஏறித் தாண்டி உள்ளே போய்விட்டாள். "விரட்டு அத! பின்னால தள்ளு!" என்று தொப்பியை வீசிக் குட்டியை ஒதுக்கினாள். பிறகு மூச்சுவாங்கியபடி கேட்டாள்: "இது கைத்தீனி தின்ன வாய், ஆர்லன். நீ குடுத்தியா?"

"நானா? இல்லையே."

"பின்ன யாரு, தபால்காரனா?"

பதிலைக் குட்டியே சொன்னது. பட்டியைக் குறுக்காகக் கடந்து நேரே வேலியோரம் வந்து, இரண்டு பலகைக்கு நடுவே தலையை நுழைத்து, நெட்டாவின் சட்டைப்பைக்குள் மூக்கைச் சொருகியது. அவள் தள்ளினாள். அது மறுபடி சொருகியது.

டாட்டி தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"நான் கெளம்பறேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நிக்கறதுக்கு என் காளைப்பட்டியில போயி நின்னுக்கலாம்."

சமையலறையில் ஆர்லன் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தான். தோலில் ரத்தம் இல்லை. ஆனால் பல்வரிசை அப்படியே பதிந்து, சுற்றிலும் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. நெட்டா உறைந்த பட்டாணிப் பையைத் துணியில் சுற்றி அதன்மேல் வைத்துப் பிடித்தாள். அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அது அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது.

"எத்தன நாளா?" என்றான்.

"வாய்க்காலுக்குள்ள வண்டிய எறக்கின கதைய நீ அதுகிட்டச் சொன்னதுலேர்ந்து."

அவன் தோள் அவள் கைக்கடியில் இறுகியது.

"கேட்டியா?"

"எல்லாத்தையும். காத்து நல்லா அடிச்ச நாளு மட்டும்." அவள் பையை இன்னும் அழுத்தினாள். அவனுக்கு வலித்திருக்கும். "எலின்னு நெனச்சு ஒரு கோடை முச்சூடும் தொடச்சேன்யா. மீனாமே."

"அவன் சத்தியம் வாங்கிக்கிட்டான்."

"செத்தும் சத்தியமா? குதிரைக்குச் சொல்லலாம், எனக்குச் சொல்லக்கூடாதா? நான் பெத்தேனா, அது பெத்துச்சா?"

ஆர்லன் மேசைமேலிருந்த உப்புக் குப்பியைத் தள்ளிவைத்தான், பிறகு பக்கத்தில் இழுத்தான்.

"உன்கிட்டச் சொன்னா எந்தக் கதையும் அந்த ரோட்லதான் போயி முடியும், நெட்டா. வண்டிய வாய்க்கால்ல எறக்கினான்னு ஆரம்பிப்பேன். உன் கண்ணு அந்த ரோட்டுக்குப் போயிடும். அந்தக் குட்டிக்கு அவனத் தெரியாது. அவன் செத்தது தெரியாது. அங்க அவன் கூரைமேலயே உக்காந்திருக்கான்."

அவன் சொன்னது சரி என்பது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"அந்தக் குட்டி உனக்கு ஆகலேன்னா குடுத்துடலாம்," என்றான். "நாளைக்கே ஏத்திடலாம். டிரெய்லர் நிக்குது."

"ஒண்ணும் வேணாம். என் பிள்ளையப் பத்தி அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியறவரைக்கும் அது இந்தப் பட்டிய விட்டு நகரக்கூடாது."

அவன் தோள் லேசாக ஆடியது. சிரித்தானா என்று அவள் எட்டிப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அப்ப நீ வச்சுக்கிட்டது?" என்றான்.

"நான் என்னத்த வச்சுக்கிட்டேன்?"

"அந்தக் கடைசி நாள் காலையில அவன் உனக்குத்தான் ஃபோன் பண்ணான்."

நெட்டாவின் கை நின்றது. பட்டாணிப் பையிலிருந்து தண்ணீர் சொட்டி அவன் முதுகில் ஓடியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"நான் கொட்டகையிலதான் இருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா வந்திருப்பேன். நீ சன்னல்கிட்ட நின்னு பேசுற, சிரிக்கிற, எனக்குத் தெரியுது. டாட்டிகிட்டன்னு நெனச்சுட்டேன். அப்புறம் அவன் ஃபோனப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது. மூணு வருசமா நீ ஒரு வார்த்த சொல்லல, அவன் என்ன சொன்னான்னு. உனக்கு மட்டும்னு வச்சுக்கிட்ட. சரி, வச்சுக்கட்டும்னு விட்டுட்டேன். ஆனா நீ அந்தச் சன்னலோர ஃபோனத் தாண்டிப் போறப்பல்லாம் எனக்கு..."

மூன்று வருடமாக அவன் எழுந்து வெளியே போனதெல்லாம் துக்கத்தினால் என்று அவள் நினைத்திருந்தாள். தன்னைப் பார்க்கமுடியாமலும்தான் போயிருக்கிறான். அவள் வைக்கோல் அடுக்குக்குப் பின்னால் நின்று எரிந்ததுபோல அவன் இந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எரிந்திருக்கிறான்.

"நீ கேக்கவே இல்லையே," என்றாள்.

"கேட்டா அழுவே."

"அழுதா என்னய்யா? அழுதுக்கிட்டே சொல்லியிருப்பேன்."

அவள் நாற்காலியைச் சுற்றி வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் மேசையைப் பார்த்தான். அவள் உப்புக் குப்பியைப் பார்த்தபடி சொன்னாள்.

"பீன்ஸுக்காகக் கூப்பிட்டான்."

"பீன்ஸா?"

"முந்தின வாரம் நான் ஒரு டப்பாவுல குடுத்தனுப்பினேனே, பன்னித்தொடை எலும்பு போட்டு வச்சது. ஃபிரிட்ஜுக்குள்ள பின்னாடி போயி ஒளிஞ்சுக்கிச்சாம். 'அம்மா, இன்னும் தின்னலாமா?'ன்னு கேட்டான். மோந்து பாருடான்னேன். ஃபோன வச்சுக்கிட்டே மோந்தான். எனக்கு இழுக்குற சத்தம் கேட்டுச்சு. 'அம்மா, அப்பா பூட்ஸக் கழட்டுற மாதிரி இருக்கு'ன்னான். அதுக்குத்தான் சிரிச்சேன். கொட்டுடான்னேன். 'அப்பா எங்க?'ன்னான். கொட்டகையில, பம்போட சண்டன்னேன். 'அப்ப கூப்பிடாத, திட்டுற வார்த்தையெல்லாம் எனக்கு ஃபோன்ல வந்துரும், ஞாயித்துக்கிழம வந்து பாத்துக்கறேன்'ன்னான். வச்சுட்டான்."

ஆர்லன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பூட்ஸா?"

"பூட்ஸுதான்."

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். தொண்டைக்குள்ளிருந்து ஏதோ கிளம்பி, சிரிப்பாக ஆரம்பித்து, வேறொன்றாகப் போய், தோள் வலியில் "ஆ" என்று முடிந்தது. முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டான். நெட்டா தொடவில்லை. எழுந்து காபி போட்டாள். இரண்டு கோப்பையையும் வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தபோது அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவ சொல்லு. மோந்து பாத்தான்னியே, அங்கேருந்து."

அவள் சொன்னாள். இந்தமுறை கொஞ்சம் நிதானமாக, டோபினின் குரலை வைத்துச் சொன்னாள். அவன் உதடு அவளுக்கு முன்னாலேயே "பூட்ஸ்" என்று அசைந்தது.

வெளியே பட்டியில் குட்டி தீவனத்தொட்டியைக் காலால் தள்ளித் தட்டிக்கொண்டிருந்தது. தீனி நேரம் தாண்டிவிட்டது. ஆர்லன் பழக்கத்தில் எழப்போனான். நெட்டா மேசைக்கடியில் காலை நீட்டி அவன் நாற்காலியை மடக்கிப் பிடித்தாள்.

"பட்டினி கெடக்கட்டும் கொஞ்ச நேரம். இப்ப நீ சொல்லு. அதுகிட்டச் சொல்லாத ஒண்ணு."

அவன் யோசித்தான். வெளியே தொட்டி மறுபடி சத்தம் போட்டது. அவன் சன்னல் பக்கம் திரும்பவில்லை.

"அவனுக்கு ஏழு வயசு இருக்கும்," என்று ஆரம்பித்தான். "நீ உள்ள தூங்கிக்கிட்டிருந்த..."